பத்து ஓம்

புக்கிட் பாத்தோக் அடுக்குமாடிக் கார்நிறுத்தம்,
ஐந்து பி தளம், இரவு பதினொன்றரை.
இங்கே வண்டி பழுதுபார்க்கக் கூடாது என்கிறது பலகை.
பலகைக்கு முதுகைக் காட்டியபடி
பின்னிருக்கையைக் கழற்றுகிறேன்.

இருபத்தேழு வயது வண்டி.
சி.ஓ.இ. முடியப் பதினான்கு மாதம்.
கியருக்குப் பக்கத்தில் ஒரு விசை:
சாஃப்ட், ஸ்போர்ட்.
விசையைத் தட்டினால் நான்கு டேம்பர்களின் தலையிலும்
நான்கு குட்டி மோட்டார்கள் அரைச்சுற்றுத் திரும்பும்;
அப்படித்தான் சொல்லி விற்றார்கள்.
இப்போது வேகத்தடையில் ஏறும்போது விளக்கு சிமிட்டுகிறது.
இறங்கியதும்
எதுவுமே நடக்காத முகம்.

காகிதக் கிளிப்பை வளைத்து இரண்டு முனைகளை இணைத்தேன்.
நீளமாய் இரண்டு சிமிட்டல், குறுகலாய் நான்கு.
பின்பக்கம், இடது.

சின் மிங்கில் ரோஸ்லானிடம் கேட்டிருந்தேன்.
அந்த மோட்டார் இப்போது எவனும் செய்வதில்லை,
ஜப்பான் குப்பையிலிருந்து வந்தால் எண்ணூறு வெள்ளி,
உத்தரவாதம் கேட்காதே.
'புவாங் சாஜா' என்றான்.
தூக்கிப் போடு என்று அர்த்தம்,
அவன் சிரித்துக்கொண்டே சொன்னதால் கொஞ்சம் குறைவாக.

மீட்டரை வைத்தேன்.
முன் வலது எட்டு புள்ளி மூன்று.
முன் இடது எட்டு புள்ளி ஏழு.
பின் வலது எட்டு புள்ளி ஒன்று.
பின் இடது
பத்து. புள்ளி பூஜ்யம்.

யாழ்ப்பாணத்து வழி வந்த எங்கள் வீட்டில்
ஓம் என்றால் ஆம்.
பத்து முறை ஓம் என்கிறது மீட்டர்.
பழுது என்று விளக்கு காட்டிய சக்கரம்தான்
நான்கில் நல்ல பிள்ளை.

வயதான மோட்டார் இப்படிப் பேசாது.
வெயில் குடித்து, மழை குடித்து, செம்பில் களிம்பேறி
கொஞ்சம் முன்னே பின்னேதான் சொல்லும்.
இவ்வளவு சுத்தமாகச் சொல்வது
சிம் லிம் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் மின்தடை.

கம்பிக்கட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனேன்.
கார்பெட்டுக்கு அடியில், ஈரம் ஊறிய மூலையில்
நீல டேப்.
எந்த மடையன் செய்த வேலை,
சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
கீழ்த்தளத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் அலாரம் அலறி ஓய்ந்தது.

பிரித்தேன்.
அரிசியைவிடச் சற்றே பெரிய மின்தடை.
ஓர் ஈயப்பொட்டில் மயிரிழை விரிசல்:
மேட்டில் பிரியும், சமதளத்தில் சேரும்.
டேப்பின் உள்மடிப்பில் பால்பாயின்ட் எழுத்து:
வியாழன் சோதனைக்கு மட்டும்.
அடுத்த மாதம் மோட்டார் மாற்று.
ரகரத்தின் காலை இடப்பக்கம் இழுத்துவிடும் அந்தக் கையெழுத்து
என்னுடையது.

ஒன்பது வருடம்.
தயாளினி அன்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.
'செத்துப் போச்சோ?' என்றாள்.
'கம்ப்யூட்டருக்குத் தெரியாது' என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
டார்ச் வெளிச்சம் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது.
அதற்குப் பிறகு எத்தனை வளைவில் விசையைத் தட்டி
பார், எப்படி இறுகுது என்று
பக்கத்து இருக்கைக்குச் சொல்லியிருப்பேன்,
இருக்கை காலியான பிறகும்.

மூன்று சக்கரம் இறுகியது.
நான்காவது செத்ததை மறைத்து வைத்தேன்,
அதனால் ஒன்பது வருடம் எந்த விளக்கும் எரியவில்லை.
அதற்குப் பதிலாக நான் வைத்த ஆள்
விரிசல் விட்டதும்
உடனே எரிகிறது.

சட்டைப்பையில் புது மின்தடை ஒன்று இருக்கிறது.
தற்செயலாக அல்ல.
சோதனை இந்த முறையும் வியாழக்கிழமைதான்.

பழையதை வெட்டி எடுத்தேன்.
இரண்டு கம்பி முனைகளையும் தனித்தனியே சுற்றினேன்.
இருக்கையை முடுக்கிவிட்டு
வண்டியை எடுத்தேன்.

விளக்கு இப்போது சிமிட்டவில்லை.
நின்று எரிகிறது.
ஐந்து தளமும் சுற்றிச் சுற்றி இறங்கும்வரை
அந்த மஞ்சளில்
ஸ்டியரிங் மேல் என் கட்டைவிரல் தெரிந்தது,
நகத்தில் ஈயக்கறையோடு.