உது

உலான்பாத்தரில் இரவு இரண்டு மணி.
மைனஸ் முப்பத்தெட்டு.
நிலக்கரிப் புகை ஜன்னலில் முகம் வைத்துப் பார்க்கிறது.
யெசுகெனின் உப்புத் தேநீரில்
ஏடு படிந்து நேரமாகிவிட்டது.

பகலில் வந்த தொலைபேசி இன்னும் காதில் இருக்கிறது.
லாரிக்காரர் பதார்ச், ஸவ்ஹானிலிருந்து:
"நீ சொன்ன இடத்தில்தான் நிற்கிறேன்.
வட்டமாய்க் கூடாரத் தடம், கொஞ்சம் சாணம்.
ஆள் இல்லை, ஆடு இல்லை.
இருநூறு கட்டு வைக்கோலையும்
பனிக்கா போடுவது?"

குடும்பம் இடம் மாறியது நேற்றே தெரியும்.
திருத்தத்தை அவளே தட்டினாள்.
நிரல் சரி என்றது.
பொய் சொல்லவில்லை அது,
நகலைத் திருத்தியிருந்தது.

சார்புக்குள் அழைத்தால்
பதிவு தன்னைப் படியெடுத்து உள்ளே அனுப்பிவிட்டு
வாசலிலேயே நின்றுகொள்கிறது.
படியில் எழுதிய புதிய பள்ளத்தாக்கு
சார்பு முடிந்ததும் கரைந்துபோகிறது.
மூலம் மட்டும்
பழைய முகாமில், யாருமில்லாத இடத்தில்,
வைக்கோலுக்குக் கையெழுத்துப் போடக் காத்திருக்கிறது.

நகல் வேண்டாம், சுட்டி வேண்டும்.
அவ்வளவுதான்.
ஆனால் எதைச் சுட்டும் சுட்டி?

இருபத்தோரு மாகாணம், இருபத்தோரு படிவம்.
உவ்ஸ் ஒட்டகத்தைத் தனியே எண்ணுகிறது.
ஹூவ்ஸ்குலில் கலைமானுக்கு ஒரு கட்டம்.
ஒன்றில் கிணற்றின் ஆழம்வரை உண்டு,
ஒன்றில் வீட்டுக்காரர் பெயருக்கே இடமில்லை.
வரப்போவது யாரென்று எழுதும் கைக்குத் தெரியாது.
தொகுப்பானைக் கேட்கவும் வழியில்லை,
அது காலையிலேயே கணக்கை மூடிவிட்டு
வீட்டுக்குப் போன குமாஸ்தா.

ஓடுகிற நிரலை ஓட்டத்திலேயே கேட்கிறாள்.
பிரதிபலிப்பு என்று அதற்குப் பெயர்:
நிரல் தன் உள்ளங்கையைத் தானே திருப்பிப் பார்ப்பது.
வந்து விழுந்த மதிப்பே, நீ என்ன வகை?
சொல்கிறது.
சரி, உன் வகையைச் சுட்டும் வகை ஒன்று
இப்போதே செய்.
செய்கிறது.

கவனியுங்கள், இது சுட்டி அல்ல,
சுட்டியின் வகை.
விரல்கூட இல்லை,
நீளப்போகும் விரலுக்கு வார்ப்பு.
முகவரி எழுதாத உறை.
நினைவகத்தில் இதற்கென்று
ஒரு பைட்டும் இன்னும் யாரும் ஒதுக்கவில்லை.

தமிழில் சுட்டு மூன்று.
அ தொலைவுக்கு, இ அருகுக்கு,
இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு ஓர் உ.
யாழ்ப்பாணத்தில் இன்னும் புழங்குகிறது,
மற்றவர்கள் அதை இலக்கண வகுப்பில் விட்டுவிட்டோம்.
யெசுகெனின் மொழியில் இரண்டே: எனே, தெர்.
அவளுக்குத் தெரியாது,
அன்றிரவு அவள் செய்தது ஓர் உது.

மறுமுறை கேட்டால் அதே வகை வருகிறது,
இரண்டாவதாய் ஒன்று பிறப்பதில்லை.
சுட்டியைச் சுட்டும் வகையும் கேட்கலாம்,
அதைச் சுட்டுவதையும்.
தூக்கக் கலக்கத்தில் நாலு படி ஏறிப்போய்
இறங்க வழி தெரியாமல்
தனியாகச் சிரித்தாள்.

பிறகு இடம் ஒதுக்கினாள்.
பதிவை அதில் குடிவைத்து
அதன் முகவரியை மட்டும் உள்ளே அனுப்பினாள்.
சார்பு முடிந்தது.
வெளியே வந்து பார்த்தால்
பள்ளத்தாக்கு மாறியிருந்தது.

நாலரைக்கு பதார்ச்சை எழுப்பினாள்.
இன்ஜினை அணைக்காமல் வண்டியிலேயே தூங்கியிருந்தார்.
"அந்த மலைக்குப் பின்னாலா?
மேலே நின்றிருந்தால் புகை தெரிந்திருக்குமே" என்றார்.
கோபமில்லை. கியர் விழும் சத்தம்.

பதினொரு மணிக்கு ஒரு செய்தி:
"இறக்கியாச்சு. பாதி ஆடு மிச்சம்.
அடுத்த வாரம் இன்னும் தெற்கே போகிறார்களாம்."

தேர்வுத்தாளில் கேட்பார்களே,
இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக என்று.
இடம் சுட்டியாயிற்று.
பொருளுக்கு நாலு கால் இருக்கிறது.

யெசுகென் தேநீரைச் சூடாக்கப் போனாள்.
திரையில் அந்தப் பதிவு
திறந்தே இருந்தது.