மூன்று புள்ளி நான்கு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மழைக்கு ஒதுங்கிய பைக்குகளைத் தாண்டி
ரெக்ஸ்லின் வந்தான்,
காய்ச்சல் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல
கம்ப்யூட்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

"பிளக்ஸ் ஒண்ணு டிசைன் பண்ணி எடுக்கதுக்குள்ள
செத்தவனுக்குப் பதினாறும் முடிஞ்சு போவுது, கேட்டியா."

கழற்றினேன்.
விசிறியில் கம்பளிபோல் தூசி, ஒரு பல்லி முட்டையின் ஓடு.
முகப்பு மட்டும் தினமும் துடைத்த பளபளப்பு:
மூன்று புள்ளி நான்கு.
அந்த எண்ணுக்காகத்தான் ஒரு காலத்தில்
ஒரு வருஷத்து ரப்பர் ஷீட்டுப் பணம் போனதாம்.

நான் எடுத்து வைத்தது
திருவனந்தபுரத்தில் ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்டது.
இரண்டு புள்ளி நான்கு.

அவன் முகம் போன போக்கு!
"ஒண்ணு குறையுதே பிள்ளே.
காசும் வாங்கி ஸ்பீடையும் பிடிச்சு வச்சிருவியா?"

ஒனக்க வீட்டு வார்ப்பு நெனவு உண்டா, ரெக்ஸ்லின்?
மிக்சரிலிருந்து மாடிக்கு
கை மாறிக் கை மாறிப் போன சட்டி?
உன் பழைய பெட்டிக்குள்ளே
முப்பத்தோரு பேர் வரிசை.
ஆளுக்கு அரை எட்டு இடம்.
கை மாற்றும் வேகம் கண்ணில் நிற்காது.
அந்தக் கைமாற்றை எண்ணித்தான்
முகப்பில் ஒட்டியிருக்கிறார்கள்.
மேலே எத்தனை சட்டி கவிழ்ந்தது என்று
எந்த ஸ்டிக்கரிலும் இல்லை.

கொத்தனார் ஊகித்து, பீமுக்கு என்று கலவையை அனுப்ப,
"பீமுக்கு இல்லவே, சிலாபுக்கு" என்று
மேலிருந்து குரல் வந்தால்
வழியில் உள்ள அத்தனை சட்டியும் தரையில்.
மறுபடியும் முதலில் இருந்து.
விசிறி அலறுவது
அந்த வேர்வைக்கும் சேர்த்துத்தான்.

இதில் வரிசைக்குப் பதினாலு பேர்.
நிதானமான கை.
ஆனால் சட்டி பெரிது, வரிசை இரண்டு,
ஜல்லியும் ரோட்டோரத்தில் இல்லை,
ஏணிக்கு அடியிலேயே குவிந்து கிடக்கிறது.

நம்பவில்லை.
நம்ப வேண்டாம், ஓட்டிப் பார்ப்போம் என்றேன்.
ஒரே பைல். பன்னிரண்டுக்கு எட்டு.
கண்ணீர் அஞ்சலி, கிறிஸ்துதாஸ், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.
பின்னணியில்
அவர் ஒருநாளும் போயிராத பனிமலை.

பழையதுக்கு இருபத்தாறு நிமிடம்.
அதற்குள் இரண்டு டீ, ஆளுக்கொரு பழம்பொரி.
புதியதுக்குப் பத்தொன்பது.

பத்தொன்பதா?
"பாத்தியா" என்றான்,
ஏழு நிமிடம் மிச்சமானது அவனுக்குக் கணக்கில்லை.
எனக்கோ காது சுட்டது.

பிறகுதான் சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.
அணையவே இல்லை.
பழைய ஹார்ட் டிஸ்கையே மாட்டு என்று
அடம்பிடித்திருந்தான் இவன்,
"எனக்க செத்தவங்க எல்லாரும் அதிலயாக்கும்."
உள்ளே இருபத்தெட்டு பேரும்
சட்டியைக் கவிழ்த்துப்போட்டு
அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.
மணல் லாரி குழித்துறைப் பாலத்தில் நிற்கிறது.

கலவை கொட்ட முற்றமும் போதாது:
ஒரு ஜிபி ராம்.
அதை நாலாக்கினேன்.
உள்ளங்கை அளவு எஸ்எஸ்டி ஒன்று,
சுற்றாது, முனகாது.
அவனுடைய செத்தவர்களை
ஒருவர் விடாமல் அதில் குடியேற்ற
மதியம் ஆயிற்று. மழை விட்டிருந்தது.

நாலு நிமிடம், பத்து விநாடி.
கிறிஸ்துதாஸ் பனிமலை முன் வந்து நின்றார்,
டிக்கெட் கேட்கிற அதே முகத்தோடு.

ரெக்ஸ்லின் ஒன்றும் சொல்லவில்லை.
ரூபாயை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தான்.
வாசல்வரை போய்த் திரும்பினான்.
"பிள்ளே,
அந்தப் பழைய ஸ்டிக்கர இதில ஒட்டித் தர முடியுமா?
கடைக்கு வாறவன் நம்பரத்தான் பாப்பான்."

சால்டரிங் அயர்னைத் தொடாமல் காட்டிச் சூடாக்கி
நகத்தால் ஓரம் கிளப்பி
ஒட்டிக் கொடுத்தேன்.
கொஞ்சம் கோணல்.
பெட்டியைக் கீழே வைத்து
கட்டைவிரலால் அவனே நேராக்கினான்.