மூன்று தட்டு

அராஸ் நகரம், மருத்துவமனையின் இரண்டாம் மாடி.
மேசைமேல் ஒரு ஜன்னல் படம்.
மகாலி உள்ளங்கையால் தட்டிக் காட்டுகிறாள்:
ஃபெ. நே. த்ர.
மூன்று அசை, மூன்று தட்டு.
"இப்போது நீங்கள், மிஸ்யூ கிலேன்."

முப்பத்தொரு வருடம் கண்ணாடி பதித்த கை
ஒரே ஒருமுறை விழுகிறது.
ஃப்னெத்.

படிவத்தில் ஒரு கட்டம் நிரம்புகிறது:
ஈரசை விடுபட்டது.
மூளையில் ரத்தம் உறைந்த இடத்தில்
அந்த இரண்டும் கிடக்கும் என்று அவள் கணக்கு.

எழுத்தைப் பார்த்தால் அவள் சொல்வது சரி.
அகராதி அப்படித்தான் வெட்டும்.
நடுவில் தொப்பி போட்ட ஓர் உயிர்,
முன்னும் பின்னும் மெலிந்த எ.
காற்று என்று முடிக்கும்போது
உதடு குவியாமலே ஓர் உகரம் நழுவுகிறதே,
அந்த ஜாதி.
இருக்கிறது என்றால் இருக்கிறது.
விழுங்கிவிட்டாலும் யாரும் வழக்குப் போடுவதில்லை.

மகாலி நார்பொன் பெண்.
தெற்கே அந்த எ-யை விடமாட்டார்கள்,
தட்டில் மிஞ்சிய சாற்றை
ரொட்டியால் வழித்துத் தின்பதுபோல.
வடக்கே குளிர், அதனால் வாயைச் சீக்கிரம் மூடுகிறார்கள்
என்று ஒரு கதை உண்டு.
நான் நம்பவில்லை.

ஆறு வாரம், செவ்வாயும் வெள்ளியும்.
மூன்று தட்டுக்கு ஒன்று.
மூன்றுக்கு ஒன்று.

ஏழாவது வாரம் மனைவி ஒதீல் வந்தாள்.
மழைக்கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்:
"எதை அம்மா தேடுகிறீர்கள்?
இந்த மனுஷன் கல்யாணத்துக்கு முன்பும்
அப்படித்தான் சொல்வான். இவன் அப்பாவும். எங்கள் தெருவே.
வேனில் முழுசாக எழுதியிருக்கும்.
ஒருத்தரும் அப்படிப் படித்ததில்லை."

மகாலி அழிப்பானைத் தேடினாள்.
கிலேன் என்று எழுதும்போதெல்லாம்
நடுவே ஓர் எஸ் போடுகிறாள்;
வாய்க்குள் அதை அவளே
ஆறு வாரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.
கட்டங்களைத் தேய்க்கத் தேய்க்கத் தாள் நைந்தது.

அப்போதுதான் அவருடைய இடது உதடு மட்டும்
கொஞ்சம் மேலே போனது.
கை விழுந்தது. மறுபடி. மறுபடியும்.
ஃபெ.
நே.
த்ரஅஅஅ—
கடைசி எழுத்தை நார்பொன் வரைக்கும் இழுத்து,
அவள் தலையாட்டும் அதே ஆட்டத்தோடு.

ஒதீல் சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கேலிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் தேதியை மட்டும் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.