இரண்டுக்கு ஒன்று

உலான்பாத்தர். தொண்ணூற்றிரண்டு டிசம்பர்.
வெளியே மைனஸ் முப்பத்தாறு.
தூதரகத்தின் சாப்பாட்டு அறையில்
கோட்டைக்கூடக் கழற்றாமல்
நாடு பிரித்துக்கொண்டிருந்தோம்.

பிராகிலிருந்து வந்த தந்தி சொன்னது:
செக்குக்கு இரண்டு, ஸ்லோவாக்குக்கு ஒன்று.
அசையும் சொத்து அனைத்துக்கும் இதுவே விதி.

நாற்காலி முப்பத்தாறு. சுலபம்.
இருபத்துநாலை ஸ்தெனெக் சன்னல் பக்கம் இழுத்தார்,
பன்னிரண்டை நான் கதவுப் பக்கம்.
கம்பளம் மூன்று. அதுவும் சுலபம்.
சூப் கரண்டி நாற்பத்தாறு.
முப்பது, பதினைந்து,
மிச்சம் ஒன்று.
அதை மேசை நடுவில் வைத்துவிட்டு
இருவரும் சிகரெட் பற்றவைத்தோம்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம்.
இங்கே கூத்தாடிகளே நாங்கள்தான்.

தட்டச்சு இயந்திரத்துக்குக் கொஞ்சம் வாக்குவாதம்.
அதில் ஒரு எழுத்து உண்டு,
நாக்கை உருட்டி, பல்லில் உரசிச்
சொல்லவேண்டிய ரகரம்.
செக்கில் மட்டும் இருப்பது.
"இந்த விசை உங்களுக்கு எதற்கு?" என்றார்.
என் அப்பாவின் பெயரில் இருக்கிறது என்று
நான் சொல்லவில்லை.

தேசிய கீதத்தைப் பிரிக்க
எங்களைக் கேட்கவேண்டியிருக்கவில்லை.
அது முதலிலிருந்தே இரண்டு பாட்டு.
அவர்களுடையது ஒன்று, நடுவில் ஒரு மூச்சு,
பிறகு எங்களுடையது.
அந்த மூச்சில்தான்
அயல்நாட்டு பாண்டுக்காரர்கள்
முடிந்ததென்று கருவியைக் கீழே இறக்குவார்கள்.
ஹவானாவில் ஒருமுறை
கைதட்டியே விட்டார்கள்.
அவசரக்காரர்கள் என்று சிரித்தோம் அன்று.

டிரைவர் தாஷ்செவெக் பிளாஸ்க்கில்
உப்புப் பால் தேநீர் கொண்டுவந்தார்.
சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நின்று
யாருக்கு முதலில் ஊற்றுவதென்று பார்த்தார்.
"எங்கள் கொடியின் நட்சத்திரத்தை
இந்த வருஷம்தான் எடுத்தார்கள்.
அதுபாட்டுக்குப் பறக்கிறது" என்றார்.
ஆறுதலா, கேலியா?
அவர் மொழி எனக்கு
அவ்வளவு ஆழம் தெரியாது.

இரவு எட்டு மணி. கடைசிப் பக்கம்.
ஸ்தெனெக் வாசித்தார்:
"கல்லறை, ஒன்று."

நிலவியலாளர் ஓல்ட்ரிஹ் ஷ்மெர்டா.
அறுபத்தேழில் செம்பு தேடிப் போனவர்,
ஆற்றுப் பனி உடைந்து
ஜீப்போடு உள்ளே இறங்கியவர்.
பிறந்த ஊர் ஓலோமோட்ஸ்.
மணந்த ஊர் கோஷிட்சே.
பிள்ளை இல்லை.
வேலிக்கு வருஷம் ஒரு டப்பா பெயிண்ட்,
தூதரகச் செலவு.

ஸ்தெனெக் பேனாவை மூடினார். திறந்தார்.
"இது அசையும் சொத்தா?"
"இல்லை."
"அசையாச் சொத்து, அது இருக்கும் மண்ணுக்கு.
தந்தியில் அப்படித்தான் இருக்கிறது."
"அப்படியானால் இவர் மங்கோலியர்."
சிரித்தோம்.
பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை.
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டோம்.

எனக்கு இன்னொரு கட்டம் பாக்கியிருந்தது.
எந்தக் குடியரசில் பணியாற்ற விருப்பம்?
ஒன்றை மட்டும் டிக் செய்க.
அப்பாவின் மொழியில் யோசித்து
அம்மாவின் நாட்டில் டிக் போட்டேன்.
காரணம் எழுத
படிவத்தில் இடமில்லை,
நல்லவேளை.

மறுநாள் காலை மேசையில்
அந்தக் கரண்டி இல்லை.
யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து அங்காராவில்,
மூன்று தபால் முத்திரை குத்தி
இரண்டு அமைச்சகம் திருப்பி அனுப்பி
ஒரு உறை என் மேசைக்கு வந்தது.
உள்ளே பெயிண்ட் ரசீது, பச்சை, ஒரு டப்பா.
தாஷ்செவெக்கின் கோணல் கையெழுத்து.
கணக்கில் எந்தத் தலைப்பும் பொருந்தவில்லை.
என் பையிலிருந்து அனுப்பினேன்.

உறையின் மேல், பெறுநர் என்ற இடத்தில்
பழைய நாட்டின் முழுப் பெயர்,
ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல்.