நாலாயிரத்து இருநூறு டாலர்

மைனாட் நகரின் விளிம்பில், வீட்டு வண்டிகள் விற்கும் முற்றத்தில்,
லேன் என்கிற பையன் விரல் மடக்கித் தட்டிக் காட்டினான்.
ஒற்றைக் கண்ணாடி டிங் என்றது.
இரட்டைக் கண்ணாடி டப் என்றது.
"நாலாயிரத்து இருநூறு டாலருக்கு
ஒரு டப்" என்றார் ஆரின்.
பையன் சிரிக்கவில்லை.
பாலைவன வெயிலுக்கும் நல்லது மேடம் என்றான் என்னிடம்,
பணப்பை யார் மடியில் என்று தெரிந்தவன்.

தானியக் கிடங்கில் இருபத்தெட்டு வருஷம்
கணக்கு எழுதியவள் நான்.
மின்கட்டண உறையின் முதுகில் பென்சிலால் கோடு போட்டேன்.
கிறிஸ்துமஸ் முடிந்த பிறகுதான் அரிசோனா போகிறோம்;
ஆக, குளிர் பதின்மூன்று வாரம்.
வாரத்துக்குப் பதினேழு டாலர் கேஸ் மிச்சமாகும்.
எடை நூற்றெழுபது பவுண்டு கூடும்
(என் தங்கை மெர்லாவை
எல்லா ஊருக்கும் ஏற்றிக்கொண்டு போவது மாதிரி,
பேச்சு மட்டும் இருக்காது).
போட்ட பணம் திரும்பி வரப் பத்தொன்பது வருஷம்.
ஆரினுக்கு இப்போது எழுபத்தொன்று.
அந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன்.

ஒரு ராத்திரி தூங்கிப் பார்த்துவிடலாம் என்று
கஸ் ஹால்வர்சனின் பழைய வண்டியை இரவல் வாங்கி
வெல்வாவில், சூரிஸ் ஆற்றங்கரையில் நிறுத்தினோம்.
எல்லா ஜன்னலும் ஒற்றை.
உறைநிலைக்குக் கீழே பதினெட்டு டிகிரி.
விடிவதற்குள் எங்கள் இரண்டு பேர் மூச்சும்
கண்ணாடியில் ஏறி, வழிந்து, கீழே உறைந்து கிடந்தது.
தலையணையின் ஒரு மூலை நனைந்து
என் முடியோடு ஒட்டிக்கொண்டது.
நூலக அட்டையால் பனியைச் சுரண்டினேன்.
சுரண்டியது சட்டைக் கைக்குள் போய் உருகியது.
போதும், இரட்டைதான் என்று
வாய்விட்டே சொன்னேன்.
காது மெஷின் இன்னும் கோப்பைக்குள் கிடந்ததால்
அவருக்கு அது எட்டவில்லை.

பக்கத்து வண்டிக்காரி ஐயோன் ப்ரூயிட் காபிக்குக் கூப்பிட்டாள்.
அவளுடையது இரட்டை. உள்ளே கதகதவென்று இருந்தது.
ஆனால் ஆறு தெரியவேண்டிய பக்கம்
மோர் ஊற்றினாற்போல் ஒரு வெளுப்பு.
நான் கைக்குட்டையை எடுத்தேன்.
"உள்ளேயும் துடைத்தாயிற்று, வெளியேயும் துடைத்தாயிற்று.
ஈரம் நடுவில் இருக்கிறது" என்றாள்.
ஜன்னலுக்குத் தொள்ளாயிரம் கேட்கிறார்களாம், மாற்றிக் கொடுக்க.
பழகிவிட்டது என்று சர்க்கரையை நகர்த்தி வைத்தாள்.
யாருக்கும் அது பழகாது.
ஆனாலும் கதகதப்பாக இருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை:
முந்தின ராத்திரி இரண்டேகால் மணிக்குச்
சரக்கு ரயில் ஒன்று ஆற்றைக் கடந்தது.
என்னை எழுப்பியது அதன் இரைச்சல்.
ஆரின் எனக்கு முன்பே எழுந்து
இருட்டில் உட்கார்ந்திருந்தார்,
உள்ளங்கை கண்ணாடியில் பதிந்திருக்க.
அந்த மெல்லிய கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது.
"நூற்றுப் பன்னிரண்டு பெட்டி" என்றார்
மெஷின் இல்லாதபோது பேசுகிற அந்தப் பெரிய குரலில்.
நான் எண்ணவில்லை. சரியாகத்தான் இருக்கும்.
இருபது வருஷம் அந்தப் பாதையில் பிரேக்மேன்.
கையை எடுத்தபோது
ஐந்து விரலும் பனிக்குள் கறுப்பாகத் தெரிந்தன.
கொஞ்ச நேரத்தில் அவையும் மூடிக்கொண்டன.

செவ்வாய்க்கிழமை லேனிடம் ஒற்றை என்றேன்.
இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.
ஆரினும்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்;
காரணம் கேட்டால் எடை என்று சொல்ல வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
வரும் வழியில் ரப்பர் துடைப்பான் ஒன்று, பதினொரு டாலர்.
வெள்ளித்தாள் மறைப்பு ஆறு.

இது நவம்பர்.
இன்று காலையும் தலையணை ஈரம்.
கால் விரல்களை உணரமுடியாத சில விடிகாலைகளில்
நான் போட்டது தப்புக் கணக்கு என்றே தோன்றுகிறது.
எழுந்து துடைக்கிறேன்,
அவர் பக்கத்து ஜன்னலை மட்டும் கடைசியில்.