பேத்தை விளக்கு

ஐப்பசியில் இலை உதிர வேண்டுமாம்.
அரியமான் கடற்கரை விடுதி மேலாளர்
போனில் படம் அனுப்பியிருந்தார்:
பழுப்பு இலை, கறுப்புக் கிளை,
பல்லிளிக்கும் பரங்கிக்காய், நடுவே பூ.
"முப்பத்தொண்ணு சாயங்காலம், எட்டு மேசை.
பாத்தா பயம் வரணும்க்கா."

எங்களுக்கு ஐப்பசி, பச்சை பிடிக்கிற மாதம்.
சீமைக்கருவேலங்காடே குளித்துவிட்டு நிற்கிறது.
தங்கச்சிமடம் முழுக்க அலைந்து
பள்ளிக்கூட வாதாமரத்தடியில் பொறுக்கியது
நாற்பத்திரண்டு சிவப்பு இலை.
போதாததற்குப் பனையோலையைக் கிழித்து
டீத்தூள் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

முள்கிளைக்குக் கறுப்பு பெயின்ட்.
சிலந்திக்கு நண்டு ஓடு, அதன் வலைக்கு
கிழிந்த நைலான் வலை, கிலோ பத்து ரூபாய்.
சப்பிப் போட்ட பனங்கொட்டையை
நாரோடு காயவைத்தால்
தலைவிரித்த முகம் தானாக வந்துவிடும்.

பேத்தைதான் பெரிய வேலை.
வலையில் ஏறினால் வைதுகொண்டே எறிவார்கள், விஷமீன்.
சலேத்திடம் சொல்லிவைத்து எட்டு வாங்கினேன்.
குடலெடுத்து, மணல் திணித்து,
தகரக்கூரையில் மூன்று நாள்.
மணலைக் கொட்டியதும்
முள்ளும் முறைப்புமாக
உள்ளே ஒன்றுமில்லாத ஒரு கோபம்.
அந்தக் கோபத்துக்கு வயிற்றில் ஒரு சின்ன பல்பு,
சுற்றிலும் செண்டுமல்லி, கோழிக்கொண்டை.

யாரும் பயப்படவில்லை.
மதுரைக்காரச் சிறுமி ஒருத்தி
பனங்கொட்டைக்கு இரட்டைச்சடை பின்னிவிட்டாள்.
மேலாளர் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு
மீன் வாடைக்கு முந்நூறு ரூபாய் பிடித்தார்.
விடிவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துப்போகச் சொன்னார்.

மறுநாள் மழை.
அதற்கு மறுநாள் கல்லறைத் திருநாள்.
நிலக்கோட்டைப் பூ
மானாமதுரை தாண்டவில்லை என்று தகவல்.
கடை வாசலில் குடையும் முக்காடுமாகக் கூட்டம்.
வேறு வழியில்லை, பேய்களைப் பிரித்தேன்.
கம்பியை உருவி, வலையை அறுத்து,
இரண்டு நாள் பழைய செண்டுமல்லியை
கால் கால் கிலோவாகப் பங்கு வைத்தேன்.

பிரகாசியக்கா பூவைத் தொடவே இல்லை.
மூலையில் கிடந்த பேத்தையைத் தூக்கி
முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.
"இது எவ்வளவு?"
"கல்லறைக்கா அக்கா? இது விளையாட்டுக்குச் செஞ்சது."
"எங்க தஸ்நேவிசும் இப்படித்தான்.
சோத்துல உப்பு கூடுனா இதே முழி, இதே கன்னம்.
நாலு வருசமா ரோசாப்பூ வைக்கிறேன்,
யாருக்கோ வைக்கிற மாதிரி இருக்கு."
இருபது ரூபாய் என்றேன்.
பதினைந்து கொடுத்துவிட்டு நடந்தாள்.

அந்தியில் வாடை கிளம்பியது.
தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அணைவதும்,
தீக்குச்சிகள் நமுத்துப்போயின.
சாமியார் மந்திரிக்க வந்தபோது
ஒரே ஒரு வெளிச்சம் மிச்சம்:
வயிற்றுக்குள் கட்டை மெழுகுவர்த்தியோடு
மஞ்சளாக முறைத்துக்கொண்டிருந்தார் தஸ்நேவிஸ்.
வால் பக்கம் லேசாகக் கருகல் வாடை.

பக்கத்துக் கல்லறைக்காரர்கள்
தயங்கித் தயங்கி வந்தார்கள்.
"முறைக்காதீரும் மாமா, கொஞ்சம் தீ."
பிரகாசியக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.
அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.
நான் கிட்டத்தில் நின்றேன்.

சலேத்திடம் சொல்லிவிட்டேன்,
அடுத்த ஐப்பசிக்கு முப்பது பேத்தை.
எட்டு விடுதிக்கு.