சிக்னேவின் பூனை

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
மூச்சு விடுகிறதா?
பெயரையெல்லாம் பிறகுதான் கேட்பேன்.

டுலூத்தில் ஜனவரி.
உறைந்த ஏரி விட்டுவிட்டு முனகும் இரவு.
பகல் மருத்துவர்கள் விளக்கணைத்துப் போனபின்
எங்கள் வாசலில் மட்டும் வெளிச்சம்.
பதினொன்றே காலுக்கு ஓர்வில் ஹாகன் என்பவர் அழைத்தார்.
நாற்பது வருடம் கப்பல் எஞ்சின்களுக்கு மேலாகக்
கத்திப் பேசிய தொண்டை
மன்னிப்புக் கேட்பதுபோலக் கிசுகிசுத்தது.
"பூனை நன்றாகத்தான் இருக்கிறது.
மூக்கில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.
ஃபிரிட்ஜ் கதவில் உங்கள் எண் இருந்தது.
என் மனைவியின் கையெழுத்து."

என்ன பூ?

"வெள்ளை. பெரியது. சாவுக்கு வந்தது."

லில்லி.
இன்றிரவு நன்றாகத்தான் இருக்கும்.
ஒருமுறை வாந்தி எடுக்கும், ஒரு மூலையில் சுருளும்,
தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வார்.
மூன்றாம் நாள் சிறுநீரகம் கடையைச் சாத்திவிடும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
இப்போதே கிளம்புங்கள் என்றேன்.
உப்புத் தண்ணீர் புகட்ட வேண்டாம், பால் வேண்டாம்,
இணையத்தில் எதையும் தேட வேண்டாம்,
துண்டில் சுற்றுங்கள், மூக்கை நக்க விடாதீர்கள்,
பூவையும் எடுத்து வாருங்கள்.

ஓர் இதழ் போதும்.
அவர் கொத்தையே கொண்டுவந்தார்,
கண்ணாடித்தாள், ரிப்பன், அனுதாப அட்டையோடு.
இன்னொரு கையில்
கோட்டு இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தது
பட்டன் என்கிற சாம்பல் முகம்.

வயது?
"சிக்னேவுக்குத்தான் தெரியும்."
எடை? ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?
"சிக்னேவுக்குத்தான்..."
பேனாவை மூடி வைத்தேன்.

பட்டனை உள்ளே கொண்டுபோனதும்
ஒன்பது மணியிலிருந்து காத்திருந்தவர் எழுந்தார்.
அவர் நாய்க்கு நகம் பிளந்திருந்தது.
நான் முதலில் வந்தேன், என்றார்.
அவர் முடிப்பதற்குள் கதவு இடிபட,
இரண்டு பேர் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள்
கன்றுக்குட்டி உயர நாய் ஒன்றை.
வயிறு மத்தளம். குமட்டிக் குமட்டி
வெறும் நுரை.
யாரும் எதுவும் கேட்கவில்லை, மூவரும் ஓடினோம்.
திரும்பி வந்தபோது நகக்காரர்
தன் நாயின் பாதத்தை மடியில் வைத்து
மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.
இந்த அறையில் காத்திருக்கச் சொன்னால்
அது நல்ல செய்தி.

பிறகு என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி.
தாளை நீட்டினேன்:
மூன்று நாள் நரம்பு வழித் திரவம், தினம் ரத்தப் பரிசோதனை,
இரண்டாயிரத்து எண்ணூறு டாலர்.
அதற்கும் அடங்காவிட்டால் டயாலிசிஸ்,
அது இங்கே இல்லை, தெற்கே இரண்டரை மணி நேரம்,
அதற்கு வேறு மருத்துவர், வேறு தாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.
"போன வாரம் இப்படித்தான் ஒரு தாள் கொடுத்தார்கள்.
பெட்டிகளின் விலை.
இதைவிடக் குறைந்தது இருக்கிறதா என்று
கேட்க வெட்கமாக இருந்தது."

இங்கே கேட்கலாம், என்றேன்.
கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது.
எது கட்டாயம், எது நாளைவரை பொறுக்கும்,
எதைத் தவணையில் கட்டலாம்,
என்ன செய்தாலும் பிழைக்காமல் போகுமா:
எல்லாவற்றையும் கேட்கலாம்.

ஒவ்வொன்றாகக் கேட்டார்.
கடைசிக் கேள்விக்கு டாக்டர் லிண்ட்க்விஸ்ட்
நேராக அவர் கண்ணைப் பார்த்து,
"போகலாம். ஆனால் நேரத்தோடு வந்துவிட்டீர்கள்" என்றார்.
கையெழுத்துப் போட்டார், பெயரைவிட அழுத்தமாக ஒரு புள்ளியும்.

பூக்களைக் கட்டி மூடிய தொட்டியில் போட்டேன்.
அட்டையில் படிந்த மஞ்சளைத் துடைத்து
அவர் பையில் செருகினேன்.

மூன்றாம் இரவு நான்தான் அழைத்தேன்.
பட்டன் சிறுநீர் கழித்தது, மிஸ்டர் ஹாகன். நிறைய.

ஏரியின் முனகல்போல் ஏதோ ஒன்று அந்தப் பக்கம்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,
எஞ்சின் அறைக் குரலில்:
"எத்தனை மில்லி?"

சொன்னேன்.
பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது.
"இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார்,
"ஃபிரிட்ஜ் கதவில் எழுதுகிறேன்."